முகவரிப் பேரேட்டை யார் கையில் ஒப்படைப்பது?

வீட்டில் கம்பிவழி இணைய இணைப்பு இருந்தால், ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், சேவை நிறுவனம் அதற்குக் கொடுத்திருக்கும் வெளிமுகவரி என்ன என்று ஒருமுறை பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் ஒன்றாகத் தொடங்கினால், உங்கள் வீட்டுக்கென்று உலகம் அறிந்த முகவரி எதுவும் இல்லை என்று பொருள். பல வீடுகளை ஒரே பொதுமுகவரிக்குப் பின்னால் நிறுத்திவைக்கும் ஏற்பாட்டில், உள்ளுக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண் அது. வீட்டு சிசிடிவி கேமராவை வெளியூரிலிருந்து நேரடியாகப் பார்க்க முடியாமல் போவதற்கும், நிலையான ஐபி வேண்டும் என்று கேட்டால் தனிக்கட்டணம் சொல்லப்படுவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். இந்தத் தொகுதியில் 41,94,304 முகவரிகள் இருக்கின்றன. அவற்றை இந்தப் பயனுக்கென்று ஒதுக்கிவைக்க யாருக்கு அதிகாரம் இருந்தது என்ற கேள்வி 2011-இல் இரண்டு அமைப்புகளுக்கிடையே எழுந்தது. இணைய முகவரிகளை ஆளும் உரிமை யாருக்கு என்ற பெரிய கேள்வியை, என்னைப் பொறுத்தவரை, அந்தச் சிறிய தகராற்றிலிருந்து தொடங்கினால்தான் சரியாகப் புரிந்துகொள்ள முடியும்.

சிறு சேவை நிறுவனங்களுக்கு வலையமைப்பு அமைத்துக் கொடுப்பது என் தொழில். முகவரி ஒதுக்கீட்டுக் கொள்கையில் எங்கோ ஒரு வரி மாறினால், அதன் விளைவு சில மாதங்களில் என் வாடிக்கையாளர்களின் செலவுக் கணக்கில் தெரிந்துவிடும். ஆகவே இது எனக்கு ஏட்டுச் சர்ச்சை அன்று.

2011 பிப்ரவரி 3 அன்று மயாமியில் நடந்த நிகழ்வொன்றில், உலகப் பொதுக் கையிருப்பில் எஞ்சியிருந்த கடைசி ஐந்து பெருந்தொகுதிகளும் தத்தம் வட்டாரத்தில் முகவரிகளைப் பங்கிட்டுப் பதிவுசெய்யும் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கு ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஐபி நான்காம் பதிப்பின் முகவரி 32 பிட் நீளமுடையது. மொத்தம் ஏறத்தாழ 429 கோடி எண்கள். 1981-இல் அந்தத் தரநிலை எழுதப்பட்டபோது அது வற்றாத ஊற்றாகத் தோன்றியது. முப்பதே ஆண்டுகளில் பொதுக் கையிருப்பு தீர்ந்துபோனது. அன்று பிரித்துக் கொடுக்கப்பட்ட தொகுதி ஒவ்வொன்றிலும் 1.67 கோடி முகவரிகள் இருந்தன. ஆசிய பசிபிக் வட்டாரத்தின் பதிவகமான ஏபிநிக்குக்கு வந்தது 103 என்று தொடங்கும் தொகுதி. பிற்பாடு தொழில் தொடங்கிய எத்தனையோ இந்தியச் சிறு நிறுவனங்களின் முகவரிகள் 103 என்று தொடங்குவது இதனால்தான். அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று ஏபிநிக் தன் கடைசித் தொகுதியைத் தொட்டது. அதன்பின் உறுப்பினர் ஒருவருக்கு அதிலிருந்து அதிகபட்சம் 1,024 முகவரிகள் என்று வரம்பு வந்தது. 2019-இல் அந்த வரம்பு 512 ஆகக் குறைந்தது.

பற்றாக்குறை நெருங்குவதைக் கண்ட பெரிய சேவை நிறுவனங்கள், பல வாடிக்கையாளர்களை ஒரே பொதுமுகவரிக்குப் பின்னால் வைக்கும் ஏற்பாட்டுக்கெனத் தனித் தொகுதி ஒன்று வேண்டும் என்று கேட்டன. வீடுகளுக்குள் வழக்கமாகப் பயன்படும் 192.168 போன்ற தனியார் முகவரிகளையே நிறுவனமும் தன் உள்வலையில் பயன்படுத்தினால் இரண்டும் மோதிக்கொள்ளும் என்பது அவர்கள் வாதம். வட அமெரிக்கப் பதிவகமான ஏரினின் கொள்கைச் சமூகம் இதை விவாதித்து, தன் கையிருப்பிலிருந்து ஒரு தொகுதியை ஒதுக்கலாம் என்ற முடிவுக்கு வந்தது. முகவரி அவர்களிடம் இருந்தது, கேட்டவர்கள் அவர்களுடைய உறுப்பினர்கள், முடிவு திறந்த விவாதத்தில் எட்டப்பட்டது. அதற்குமேல் யாரைக் கேட்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் ஏரின் அந்த முடிவை உடனே செயல்படுத்தாமல், இது தன் அதிகார எல்லைக்குள் வருகிறதா என்று, இணையத் தரநிலைப் பணியை மேற்பார்வையிடும் இணையக் கட்டமைப்பு வாரியத்திடம் விளக்கம் கேட்டது.

அந்த எல்லையை வரையறுப்பது ஆர்எஃப்சி 2860 என்ற 2000-ஆம் ஆண்டு ஆவணம் (இணையத் தரநிலைகளும் அவை சார்ந்த குறிப்புகளும் ஆர்எஃப்சி என்ற வரிசை எண்ணோடு வெளியாகும்). இணையத்தின் தொழில்நுட்பத் தரநிலைகளை எழுதும் ஐஇடிஎஃப் என்ற பொறியாளர் அமைப்புக்கும், பெயர்களையும் எண்களையும் ஒருங்கிணைக்கும் ஐகேனுக்கும் இடையிலான உடன்படிக்கை அது. முகவரித் தொகுதிகளைப் பங்கிடுவது கொள்கை சார்ந்த விவகாரம், அது ஐஇடிஎஃபின் வேலை அன்று என்று அது சொல்கிறது. உடனே ஒரு விலக்கையும் சேர்க்கிறது: தனிச்சிறப்பான தொழில்நுட்பப் பயனுக்கென்று ஒதுக்கப்படும் தொகுதிகள் கொள்கை விவகாரமாகக் கருதப்படமாட்டா, அவை ஐஇடிஎஃபிடமே இருக்கும். ஏரின் ஒதுக்க விரும்பிய தொகுதி ஒரு நிறுவனத்துக்குரியது அன்று. உலகெங்கும் எவரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தக்கூடியது. ஒரு முகவரி உலகில் ஒரே இடத்தில்தான் இருக்கும் என்ற அடிப்படைப் பொருளையே அது மாற்றுகிறது. எனவே அது பங்கீடு அன்று, தரநிலை; முடிவு ஐஇடிஎஃபிடம் வர வேண்டும் என்று வாரியம் பதில் சொன்னது. ஏரின் அதை ஏற்றுக்கொண்டது.

ஐஇடிஎஃபில் விவாதம் எளிதாக முடியவில்லை. முகவரிப் பஞ்சமில்லாத புதிய பதிப்பான ஐபி ஆறுக்கு மாறுவதைத் தள்ளிப்போட இது ஒரு சாக்காகிவிடும் என்று பலர் எதிர்த்தார்கள். இருக்கும் தனியார் முகவரிகளே போதும் என்றும் வாதிட்டார்கள். கடைசியில் 2012 ஏப்ரலில் ஆர்எஃப்சி 6598 வெளியானது. 100.64 தொகுதி உலகப் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கான முகவரிகளைத் தன் கையிருப்பிலிருந்து கொடுத்தது ஏரின்; அதன் பொருளை வரையறுத்தது ஐஇடிஎஃப்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் இதற்கு நேர் எதிரான திசையில் ஒரு விட்டுக்கொடுத்தலும் நடந்தது. ஐபி ஆறாம் பதிப்பில் ஒரு வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ எவ்வளவு பெரிய தொகுதி கொடுக்க வேண்டும் என்று 2001-இல் ஐஇடிஎஃப் தரப்பிலிருந்து ஒரு பரிந்துரை வந்தது: அனைவருக்கும் பொதுவாக /48 என்ற அளவு (சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண் கூடக்கூடத் தொகுதி சிறிதாகும்). வலையமைப்புகளை நாள்தோறும் நடத்துபவர்கள், இந்த ஒரே அளவு எல்லோருக்கும் பொருந்தாது என்று பதிவகங்களின் கூட்டங்களில் பேசத் தொடங்கினார்கள். சிறு வீட்டுக்கு /56 போதும் என்ற வழக்கம் பரவியது. 2011 மார்ச்சில் வெளிவந்த ஆர்எஃப்சி 6177 அந்தப் பழைய பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, துல்லியமான அளவை முடிவுசெய்வது வலையமைப்பை இயக்கும் சமூகத்தின் வேலை என்று ஒப்புக்கொண்டது.

இவ்விரு நிகழ்வுகளிலும் நான் மதிப்பது முடிவுகளை அன்று. 100.64 ஏற்பாட்டின் சுமையை நாள்தோறும் பார்ப்பவன் நான். இணையக் குற்ற விசாரணைக்காகக் காவல் நிலையத்திலிருந்து சேவை நிறுவனத்துக்கு ஒரு கடிதம் வரும். அதில் ஒரு ஐபி முகவரியும் தேதியும் இருக்கும், ஒரே முகவரியைப் பகிரும் இணைப்புகளைப் பிரித்துக்காட்டும் போர்ட் எண் இருக்காது. அந்த ஒரு முகவரிக்குப் பின்னால் அந்த நேரத்தில் இருநூறு வீடுகள் இருந்திருக்கலாம். எந்த வீடு என்று சொல்ல வேண்டுமானால், ஒவ்வொரு இணைப்பும் எந்தப் பொதுமுகவரியாக, எந்தப் போர்ட்டாக மாற்றப்பட்டது என்ற பதிவுகளையெல்லாம் சேமித்துவைக்க வேண்டும். உரிம விதிகளும் அதைக் கேட்கின்றன. ஆயிரம் இணைப்புகள் வைத்திருக்கும் ஒருவருக்கு அதற்கான சேமிப்புக் கருவியின் விலை, ரூட்டரின் விலைக்குக் குறைந்ததன்று. இவ்வளவு இருந்தும், அந்த முடிவு எடுக்கப்பட்ட முறையை நான் ஏற்கிறேன். எண்ணின் பொருளை வரையறுப்பவர் ஒருவராகவும், எண்ணைப் பங்கிடுபவர் வேறொருவராகவும் இருந்தார்கள். ஒருவர் மற்றவரைத் தடுத்து நிறுத்த முடிந்தது. நிறுத்தப்பட்டவர் அதற்கு இணங்கினார். முகவரித் தரநிலைகளை எந்த அமைப்பு ஆள வேண்டும் என்று கேட்டால், எந்த ஒரு தனி அமைப்பும் முழுவதையும் ஆளக்கூடாது என்பதே என் பதில். பங்கீடு வட்டாரச் சமூகங்களிடமும், பொருள்வரையறை பொறியாளர்களிடமும், ஒருங்கிணைப்பு ஐகேனிடமும் இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும். ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் இதைக் காப்பாற்ற முடியாது.

ஓட்டையைப் பற்றிப் பேசுமுன், இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் இந்தப் பேரேடு ஜான் போஸ்டல் என்ற ஒரு மனிதரின் பொறுப்பில் இருந்தது. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய அவர், எந்த எண் யாருக்கு என்ற பட்டியலை ஆண்டுக்கணக்காகப் பராமரித்தார். 1992-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1366, இந்தப் பணியை உலகின் வட்டாரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்றது. அதே ஆண்டு ஐரோப்பாவுக்கான ரைப் என்சிசி ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது. ஏபிநிக் 1993-இல் டோக்கியோவில் சோதனை முயற்சியாகத் தொடங்கி, பின்னர் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்கு இடம்பெயர்ந்தது. ஏரின் 1997-இலும், லத்தீன் அமெரிக்காவின் லாக்நிக் 2002-இலும், ஆப்பிரிக்காவின் ஆஃப்ரிநிக் 2005-இலும் வந்தன. போஸ்டல் 1998 அக்டோபரில், ஐகேன் உருவாகிக்கொண்டிருந்த நாள்களிலேயே, காலமானார்.

அரசுகளிடம் ஏன் கொடுக்கக்கூடாது என்ற கேள்வியை அலட்சியமாக ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை, ஏனென்றால் அதன் பின்னாலிருக்கும் மனக்குறை நியாயமானது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் என்ற ஒரே கல்வி நிறுவனத்திடம் 18 என்று தொடங்கும் 1.67 கோடி முகவரிகளும் இருந்தன. 2017-இல் அவற்றில் பெரும்பகுதி பயன்படாமல் கிடப்பதாக அதுவே அறிவித்து, ஒரு பங்கை விற்கவும் செய்தது. ஆப்பிளிடம் 17, ஃபோர்டிடம் 19. இன்று மதுரையிலோ மட்டக்களப்பிலோ புதிதாகத் தொழில் தொடங்குபவருக்குக் கிடைப்பது 512. மிச்சத்தைச் சந்தையில் வாங்க வேண்டும். 2011-இல் திவாலான நார்டெல் நிறுவனத்திடமிருந்து மைக்ரோசாஃப்ட் 6,66,624 முகவரிகளை 75 லட்சம் டாலருக்கு வாங்கியபோது ஒரு முகவரியின் விலை 11.25 டாலர், ஏறத்தாழ பத்தாண்டில் சந்தை விலை 50 டாலரைத் தொட்டது. முன்னால் வந்தவர்கள் இலவசமாகப் பெற்றதைப் பின்னால் வந்தவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

இந்த அநீதி ஆறாம் பதிப்பிலும் திரும்ப வரக்கூடாது என்ற வாதத்தோடுதான் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் களத்தில் இறங்கியது. அதன் தரநிலைப் பிரிவுக்கு அப்போது இயக்குநராக இருந்த ஜாவ் ஹோலின், ஐபி ஆறின் முகவரிவெளியில் ஒரு பகுதியை நாடுகளுக்கென்று ஒதுக்கி, அரசுகள் வழியாக வழங்கலாம் என்று 2004-இல் முன்மொழிந்தார். வட்டாரப் பதிவகங்களோடு நாட்டுப் பதிவகங்களும் போட்டியிடட்டும் என்பது அவர் எண்ணம். அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றியத்துக்குள்ளேயே இதற்கெனத் தனிக்குழு ஒன்றும் அமைந்தது.

நான் இதை இரண்டு காரணங்களுக்காக எதிர்க்கிறேன். முதலாவது தொழில்நுட்பம் சார்ந்தது. அதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஒரு முகவரித் தொகுதி எங்கே இருக்கிறது என்ற செய்தியை உலகிலுள்ள ஒவ்வொரு பெரிய ரூட்டரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். நான்காம் பதிப்பில் மட்டும் அந்தப் பட்டியல் இப்போது பத்து லட்சம் வரிகளை ஒட்டி வந்துவிட்டது. வலையமைப்புகள் நாட்டெல்லைகளைப் பார்த்துக் கட்டப்படுவதில்லை. எல்லைகளைப் பார்த்து முகவரிகளைக் கொடுத்தால், பல நாடுகளில் இயங்கும் ஒரு வலையமைப்பு ஒரே வரிக்குப் பதிலாக நாட்டுக்கொன்றாக வரிகளைச் சேர்க்கும்.

இரண்டாவது காரணமே முதன்மையானது. 2022-இல் ரஷ்யப் படையெடுப்பு தொடங்கிய சில நாள்களில், உக்ரைன் அரசு ரஷ்ய நிறுவனங்களின் முகவரி உரிமைகளைத் திரும்பப் பெறும்படி ரைப் என்சிசியிடம் கேட்டது. ஐகேனிடமும் அதுபோன்ற கோரிக்கையை வைத்தது. குண்டுவீச்சுக்கு நடுவில் ஒரு நாடு அப்படிக் கேட்பதை எவரும் குறை சொல்ல முடியாது. இரண்டு அமைப்புகளும் மறுத்துவிட்டன. தகவல்தொடர்புக்கான வழியை அரசியல் மோதல்கள் பாதிக்கக்கூடாது என்பது ரைப் நிர்வாகக் குழுவின் நிலைப்பாடு. அந்த மறுப்பு சரியானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதே பேரேடு அரசுகள் அமர்ந்திருக்கும் மேசையில் இருந்திருந்தால், மறுப்பு என்ற சொல்லுக்கே அங்கே இடம் இருந்திருக்காது. இன்று ஒரு நாட்டின் எண்களும், நாளை வேறொரு நாட்டின் எண்களும், வாக்கெடுப்பில் வெல்பவர் விருப்பப்படி அழிக்கப்படும். உள்நாட்டுப் போரின் காலத்தில் தொலைபேசித் தொடர்பு துண்டிக்கப்பட்டுக் கிடந்த வடக்கு, கிழக்கு மக்களுக்கு இதன் பொருளை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அரசுகளுக்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை என்பதும் உண்மை அன்று. ஏபிநிக் வட்டாரத்தில் ஜப்பான், கொரியா, சீனா, தைவான், வியட்நாம், இந்தோனேசியா, இந்தியா ஆகியவற்றுக்குத் தேசியப் பதிவகங்கள் இருக்கின்றன. இந்தியாவில் நிக்சி என்ற தேசிய இணைய இணைப்பகத்தின் கீழ் ஐஆர்ஐஎன்என் அதைச் செய்கிறது. அவை ஏபிநிக்கின் பொதுக் கொள்கைக்கு உட்பட்டே முகவரி வழங்குகின்றன. தாமாக வேறு விதி வகுத்துக்கொள்ள முடியாது. உள்ளூர் மொழி, உள்ளூர்க் கட்டணம், உள்ளூர் அலுவலகம் ஆகிய வசதிகள் கிடைக்கின்றன, பேரேடு ஒன்றாகவே இருக்கிறது. இலங்கைக்குத் தேசியப் பதிவகம் இல்லை. அங்குள்ளவர்கள் நேரடியாக பிரிஸ்பேனுக்கே விண்ணப்பிக்கிறார்கள்.

இனி அந்த ஓட்டைக்கு வருவோம். 2016 செப்டம்பர் 30 வரை, உலகப் பொதுப் பேரேட்டை நடத்தும் ஐயானா பணி அமெரிக்க அரசின் ஒப்பந்தத்தின் கீழ் இருந்தது. அந்த ஒப்பந்தம் முடிவடைந்தபோது, எண்களைப் பொறுத்தவரை ஐந்து பதிவகங்களும் ஐகேனோடு நேரடியாகச் சேவை ஒப்பந்தம் செய்துகொண்டன. சேவை சரியில்லை என்றால் ஒப்பந்தத்தை முறித்து, அந்தப் பணியை வேறொருவருக்குக் கொடுக்கும் உரிமை பதிவகங்களுக்கு உண்டு. ஏபிநிக்கின் 42-ஆவது மாநாடு அந்த நாள்களை ஒட்டியே கொழும்பில் நடந்தது. எண்களைக் காக்கும் பொறுப்பு சமூகத்தின் கைக்கு வந்துவிட்டது என்று பலரும் மகிழ்ந்தார்கள், நானும் மகிழ்ந்தேன். மேலே இருப்பவரை மாற்றும் வழியை அப்போது தெளிவாக எழுதிவைத்தார்கள். கீழே இருக்கும் ஒரு வட்டாரப் பதிவகம் தவறினால் அதை மாற்றும் வழியை யாரும் எழுதிவைக்கவில்லை. புதிய பதிவகத்தை அங்கீகரிப்பதற்கான நிபந்தனைகளை 2001-இல் ஐகேன் ஏற்றுக்கொண்ட ஐசிபி-2 என்ற ஆவணம் சொல்கிறது. அங்கீகாரத்தைத் திரும்பப் பெறுவது எப்படி என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

ஆப்பிரிக்கா அதற்கான விலையைக் கொடுத்தது. ஆஃப்ரிநிக் மொரீஷியஸ் நாட்டின் நிறுவனச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டது. மற்ற வட்டாரங்களில் கையிருப்பு தீர்ந்த பிறகும் அதனிடம் நான்காம் பதிப்பு முகவரிகள் மிஞ்சியிருந்தன. சந்தை விலை ஏற ஏற அந்தக் கையிருப்பின் மதிப்பும் ஏறியது. 2019-இல், பெருந்தொகையான முகவரிகள் பதிவேட்டிலேயே திருத்தம் செய்யப்பட்டு வேறு கைகளுக்கு மாறியிருப்பது வெளிவந்தது. உள்ளிருந்தே நடந்த முறைகேடு அது. இன்னொரு பக்கம், செஷல்ஸில் பதிவு செய்யப்பட்ட கிளவுட் இன்னோவேஷன் என்ற நிறுவனம் 2013-க்கும் 2016-க்கும் இடையில் ஏறத்தாழ 62 லட்சம் முகவரிகளைப் பெற்றிருந்தது. அவை ஆப்பிரிக்காவுக்கு வெளியே பயன்படுகின்றன, விண்ணப்பத்தில் சொன்ன தேவைக்கு மாறாகப் பயன்படுகின்றன என்று சொல்லி ஆஃப்ரிநிக் அவற்றைத் திரும்பப் பெற முயன்றது. அப்படித் தடுக்கும் விதி எதுவும் இல்லை என்று சொல்லி நிறுவனம் நீதிமன்றம் சென்றது.

2021 ஜூலையில் மொரீஷியஸ் நீதிமன்றத்தின் ஆணையால் ஆஃப்ரிநிக்கின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. ஒரு கண்டத்தின் முகவரிப் பேரேட்டைப் பராமரிக்கும் அமைப்பு ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்கவே வழி தேடும் நிலைக்கு வந்தது. வழக்கின்மேல் வழக்காகக் குவிந்தன. 2022-இல் நிர்வாகக் குழுவுக்குப் போதிய உறுப்பினர் எண்ணிக்கை இல்லாமல் போனது; தலைமை நிர்வாகியின் பதவிக்காலம் முடிந்தபோது, புதியவரை நியமிக்கச் சட்டப்படி அதிகாரமுள்ள குழு இல்லை; குழுவைத் தேர்ந்தெடுக்கத் தேர்தல் நடத்தவும் தடைகள். 2023 செப்டம்பரில் நீதிமன்றம் ஒரு பொறுப்பாளரை நியமித்தது. 2025 ஜூனில் நடந்த தேர்தல், பிறர் சார்பில் வாக்களிக்கும் அதிகாரப் பத்திரங்கள் பற்றிய தகராற்றில் செல்லாததாயிற்று. செப்டம்பரில் நடந்த மறுதேர்தலில்தான் மீண்டும் ஒரு குழு அமைந்தது.

வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமன்று. ஒரு நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போவது அதன் உரிமை; பதிவகம் எதுவும் சட்டத்துக்கு அப்பாற்பட்டதாக இருக்கவும் கூடாது. என்னை வருத்துவது வேறு. அந்த ஆண்டுகளில் நைஜீரியாவிலோ கென்யாவிலோ சேவை நடத்திய ஒருவருக்கு வேறு எந்தப் பதிவகத்துக்கும் போக வழி இல்லை. ஐகேன் கடிதம் எழுத முடிந்தது, மற்ற நான்கு பதிவகங்கள் உதவ முன்வந்தன. ஆனால் இன்ன நிலையில் இன்னார் பொறுப்பேற்பார் என்று எழுதிவைத்த விதி எதுவும் எவர் கையிலும் இல்லை. பத்திரப் பதிவு அலுவலகம் ஒன்று ஆண்டுக்கணக்கில் இழுத்து மூடப்பட்டால் நிலம் அங்கேயேதான் கிடக்கும், ஆனால் விற்பது, வாங்குவது, வாரிசுக்கு மாற்றுவது எல்லாம் முடங்கிவிடும். ஆப்பிரிக்க வலையமைப்புகளுக்கு நேர்ந்ததும் அதுவே. அத்தனைக்கும் இடையில் பேரேடு அணையாமல் இருந்ததற்குக் காரணம், உள்ளே இருந்த ஊழியர்களின் கடமையுணர்வு. அந்த ஊழியர்களை நான் மனதார வணங்குகிறேன்.

இப்போது ஐசிபி-2 ஆவணத்துக்குப் பதிலாகப் புதிய ஆளுகை ஆவணம் ஒன்று எழுதப்பட்டு வருகிறது. 2023-இன் இறுதியில் பதிவகங்களின் கூட்டமைப்பு அந்தப் பணியைத் தொடங்கிவைத்தது. வட்டாரத்துக்கு மூவர் வீதம் 15 பேர் கொண்ட ஆலோசனைக் குழு அதை எழுதுகிறது. 2025-இல் முதல் வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வெளியானது. பதிவகங்கள் தொடர்ந்து நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும், தணிக்கைக்கு உட்பட வேண்டும், தவறினால் அங்கீகாரத்தை இழக்க நேரும், இடைக்காலத்தில் பேரேட்டை வேறொருவர் நடத்த ஏற்பாடு இருக்க வேண்டும் என்ற கருத்துகள் அதில் இடம்பெற்றிருக்கின்றன. இருபத்தைந்து ஆண்டு தாமதமானாலும் இது வந்தே ஆக வேண்டிய மாற்றம்.

என் கருத்தில், அங்கீகாரத்தைப் பறிக்கும் அதிகாரத்தைவிட அவசரமானது, பேரேட்டின் நகல் நாள்தோறும் வேறொரு நாட்டுச் சட்டத்தின் கீழுள்ள இடத்தில் சேமிக்கப்படுவதும், அதை எடுத்து நடத்தும் ஒத்திகை ஆண்டுதோறும் நடப்பதும்தான். அங்கீகாரத்தைப் பறிப்பதாகப் பயமுறுத்துவது எளிது. ஆனால் மறுநாள் காலையில் எந்தக் கணினியிலிருந்து பதிவுகள் வெளியாகும் என்று தெரியாத நிலையில் அதை எவரும் செயல்படுத்தத் துணியமாட்டார்கள். முகவரிகளின் உண்மைத்தன்மைக்குச் சான்று வழங்கும் ஆர்பிகேஐ முறை வந்துவிட்ட பிறகு இது இன்னும் முக்கியமாகிவிட்டது, ஏனென்றால் ஒரு பதிவகத்தின் சான்றுக்கு மூலமான சாவி அதன் கையில் மட்டுமே இருக்கிறது. சாவி கைமாறும் முறை எழுதப்படாமல், பேரேடு மட்டும் கைமாறிப் பயனில்லை.

அந்த வரைவில் நான் தேடிக் காணாத ஒன்று, வாக்குரிமையின் அளவு. ஐரோப்பாவின் ரைப்பில் உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கு. ஏபிநிக்கில், வைத்திருக்கும் முகவரிகளின் அளவைப் பொறுத்து உறுப்பினர்கள் நிலைகளாகப் பிரிக்கப்பட்டு, கடைநிலை உறுப்பினருக்கு ஒரு வாக்கும் உச்சநிலை உறுப்பினருக்கு 64 வாக்குகளும் தரப்படுகின்றன. அதிகக் கட்டணம் கட்டுபவருக்கு அதிக வாக்கு என்பது ஒரு சங்கத்துக்குப் பொருந்தலாம்; பற்றாக்குறையான பொதுச்சொத்தைப் பங்கிடும் அமைப்புக்குப் பொருந்தாது, ஏனென்றால் முன்னால் வந்து அதிகம் பெற்றவரே, பின்னால் வருபவருக்கு எவ்வளவு என்று முடிவுசெய்யும் நிர்வாகக் குழுவையும் தேர்ந்தெடுப்பவராகிவிடுகிறார். 2023-இல் நடந்த நிர்வாகக் குழுத் தேர்தலில் கடும் சர்ச்சை எழுந்த பின்னர் ஏபிநிக் தன் தேர்தல் விதிகளைக் கடுமையாக்கியது. ஆனால் வாக்கு நிலைகள் அப்படியே இருக்கின்றன.

இந்தியச் சிறு நிறுவனங்களின் நிலை இன்னும் ஒரு படி கீழே. ஐஆர்ஐஎன்என் வழியாக முகவரி பெற்றவர் ஏபிநிக்கின் நேரடி உறுப்பினர் அல்லர். நிர்வாகக் குழுத் தேர்தலில் வாக்களிப்பது தேசியப் பதிவகம். கொள்கை விவாதத்தில் உறுப்பினர் அல்லாதவரும் முன்மொழியலாம், எதிர்க்கலாம். கருத்தொருமிப்பு என்பது தலைகளை எண்ணுவதில்லை என்பதால் அந்த வாசல் உண்மையிலேயே திறந்திருக்கிறது. விதிகளை உருவாக்குவதில் பேச உரிமை உள்ளவர், அந்த விதிகளைக் காப்பவர்களைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் ஊமையாக நிற்க வேண்டியதில்லை. தேசியப் பதிவகம் தன் வாக்குகளைச் செலுத்துமுன் தன்னிடம் முகவரி பெற்றவர்களிடையே வெளிப்படையான வாக்கெடுப்பு நடத்த வேண்டும், யாருக்கு எத்தனை வாக்குகள் அளித்தது என்பதை வெளியிட வேண்டும். நிக்சி நினைத்தால் இதை அடுத்த தேர்தலுக்கு முன்பே தொடங்கிவிடலாம்; புதிய ஆவணம் முடிவாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை, பிரிஸ்பேனின் அனுமதியும் தேவையில்லை.